காந்தத்தில் ஒட்டிய சந்தனம்

தர்மபுரத்தில், குகதாசனின் வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டிலுக்குள் காலை வைத்ததுமே கோகுலன் ஒரு அடி பின்வாங்கினான். பரந்தன் சந்தியில் ஓட்டோ ஓட்டுகிறவன் அவன். கூட வந்திருந்த சாரங்காவை ஏற்றிக்கொண்டு எத்தனையோ மோசமான இடங்களுக்குப் போயிருக்கிறான். ஆனால் ஒரு கம்பியைப் பார்த்துப் பயந்தது இதுதான் முதல் தடவை.

மேசையில், இரும்பைச் சுழற்றிக் கடையும் சின்ன லேத் மெசின் ஒன்று பூட்டியிருந்தது. சுவிஸிலிருந்து குகதாசனின் தம்பி அனுப்பிய பொழுதுபோக்குச் சாமான். தையல் மெசினைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதன் முதுகுப் பக்கத்துத் துளையால் விரல் மொத்தத்தில் உருக்குக் கம்பி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நேராக இருக்கவேண்டிய கம்பி, மெசினை விட்டு வெளியே வந்த இடத்திலேயே மடங்கிப்போய்ச் சுவரைப் பார்த்து நின்றது. சுவரில் அது சுழன்று சுழன்று கிழித்த தழும்புகள். அந்தத் தழும்புகளுக்குப் பக்கத்தில்தான் முந்தநாள் குகதாசன் மண்டை பிளந்து கிடந்தார். ஆள் இப்போது கிளிநொச்சி ஆசுபத்திரியில், கண் திறக்கவில்லை.

விபத்து என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அவருடைய மனைவி இரஞ்சிதம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. காப்புறுதிக் கம்பனியில் பொய்க் கதைகளைப் பிடித்துப் பிடித்தே பெயரெடுத்த சாரங்கா, இப்போது சொந்தமாகத் துப்புத் துலக்குகிறாள் என்று கேள்விப்பட்டு நேற்று அவளுக்கு ஆளனுப்பியிருந்தாள்.

"அவர் அளந்து வெட்டாமல் ஒரு கம்பியும் மெசினில பூட்ட மாட்டார், பிள்ளை" என்றாள் இரஞ்சிதம். "விளக்குமாத்துத் தடியைக் கூட வெட்டிப்போட்டுத்தான் மாட்டுவார். இது முழுக் கம்பி. ஆரோ இஞ்ச வந்து நிண்டிருக்கினம். அவரை அடிச்சுப் போட்டு ஓடியிருக்கினம்."

சொல்லிவிட்டு அவள் சுவரைப் பார்த்தாள். அங்கே மாலை போட்ட படம் ஒன்று தொங்கியது. கஜீபன், அவர்களுடைய ஒரே பிள்ளை. போன வருடத்துக்கு முந்தின வருடம் சைக்கிளில் போகும்போது டிப்பர் அடித்துச் செத்தான்.

கோகுலன் அந்தப் படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த டிப்பரை ஓட்டியவன் நிரஞ்சன். கோகுலனின் சொந்த அக்காவைக் கட்டியவன். பிழை அவனில் இல்லை என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. விட்ட பிறகும் அவன் ஒழுங்காகச் சாப்பிட்டதையோ நித்திரை கொண்டதையோ கோகுலன் காணவில்லை. இதெல்லாம் இந்த வீட்டில் சொல்லக்கூடிய கதையா? வரும் வழியிலேயே சாரங்கா சொல்லிவிட்டாள், இன்றைக்கு உன் வாய்க்கு லீவு என்று.

ஆசுபத்திரியில் என்ன சொல்கிறார்கள் என்று சாரங்கா விசாரித்தாள். விடியற்காலையில் விரலை அசைத்தாராம், கண் திறப்பார் என்று நேர்ஸ் சொன்னாளாம். நல்ல செய்திதான். ஆனால் அதைச் சொன்ன இரஞ்சிதத்தின் முகத்தில் நல்லது ஒன்றும் இல்லை. தலை குளித்த ஈரம் காயாமல், நெற்றியில் கோயில் சந்தனத்தோடு, எதற்கோ காது கொடுத்துக்கொண்டு நிற்பவள் மாதிரி அவள் நின்றாள். பிறகு தேத்தண்ணி போடுவதாகச் சொல்லிக் குசினிக்குப் போனாள்.

சாரங்கா கம்பியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். மூலையில் துண்டுக் கம்பிகள் அளவு பார்த்து அடுக்கியிருந்தன. எல்லாம் சாண் நீளத் துண்டுகள்.

"இரஞ்சிதமக்கா சொன்னது சரி. இதைப் பூட்டினது குகதாசன் இல்லை" என்றாள். "ஆனால் அடிபிடியும் இல்லை. பெரிய பட்டறை லேத்துக்குப் பின்னால கம்பியைத் தாங்க ஒரு குழாய் நிக்கும். அதில பழகின கைக்கு முழுக் கம்பியை அப்பிடியே செருகித்தான் பழக்கம். இந்தக் குட்டி மெசினுக்குக் குழாயும் இல்லை, மண்ணும் இல்லை. வேகத்தைக் கூட்டினவுடன கம்பி மடங்கிச் சாட்டையாச் சுழண்டிருக்கு."

"அப்ப பெரிய மெசின்காரன் ஒருத்தன் சின்ன மெசினை மதிக்காமல் விட்டிருக்கிறான்" என்றான் கோகுலன். "என்ர ஓட்டோவை பஸ்காரர் பாக்கிற மாதிரி."

மேசையில் ஒரு காந்தம் கிடந்தது. இரும்புத் தூளை வழித்தெடுக்க வைத்திருப்பது. கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத கோகுலன் அதை எடுத்துச் சுழற்றியபடி, மூலையில் சாமிப்படம் வைத்திருந்த தட்டுப் பக்கம் போனான். படத்துக்கு முன்னால் ஒரு வெற்றிலை. அதில் சந்தனம், பொருக்குப் பொருக்காக. ஒரு சிட்டிகை தொட்டு நெற்றியில் வைப்போம், வந்த காரியம் நல்லபடி முடியட்டும் என்று கையை நீட்டினான். விரல் படுமுன்னே சந்தனப் பொருக்குகள் துள்ளி எழும்பிக் காந்தத்தில் ஒட்டிக்கொண்டன.

"அக்கா, இஞ்ச வாங்கோ. இந்தச் சந்தனத்துக்கு இரும்புச் சத்துக் கூட."

சாரங்கா வந்தாள். காந்தத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். சந்தனத்துக்குள் பொடிப் பொடியாக உருக்குத் தூள் மினுங்கியது. இரும்பு அறுக்கும் வாளால் அரிந்தால் விழும் தூள். அவள் மேசையோரத்தில் இரும்பைக் கவ்விப்பிடிக்கும் வைஸைக் குனிந்து பார்த்தாள். அதன் வாயிலும் மஞ்சள் படிந்திருந்தது.

"சந்தனம் பூசின இரும்பொண்டை இதில இறுக்கி வைச்சு அரிஞ்சிருக்கினம். அரிஞ்சது முழுக்க இல்லை. துண்டாகியிருந்தால் தூள் இன்னும் கூட விழுந்திருக்கும்." அவள் குரல் தணிந்தது. "கோகுலன், எங்கட சனம் இரும்புக்குச் சந்தனம் பூசுறது எப்ப?"

"ஆயுத பூசைக்கு."

"அதுக்கு இன்னும் காலம் கிடக்கு. வேற?"

"தூக்குக்காவடிக்கு" என்ற கோகுலன் வாசலைப் பார்த்தான்.

ட்ராக்டர் பெட்டியில் கிணற்றுத் துலா போல ஏறி இறங்கும் நீள மரத்தைப் பூட்டி, அதன் நுனியில் ஒரு இரும்புச் சட்டத்தைக் கொளுவி, முதுகிலும் காலிலும் கொக்கி முள்ளுக் குத்திய ஆளைக் கயிறுகளால் அந்தச் சட்டத்தில் தொங்கவிடுவார்கள். மரத்தையும் சட்டத்தையும் சேர்த்துப் பிடிப்பது விரல் மொத்தத்தில் ஒரேயொரு கடையாணி. கோயில் கொடியேறும் நாளிலும் காவடியன்று விடியவும் அதற்கும் சந்தனம் பூசுவார்கள். முரசுமோட்டை அம்மன் கோயிலில் இன்றைக்குக் காவடி. வழக்கு முடிந்தால் தூக்குக்காவடி எடுப்பேன் என்று நேர்ந்திருந்த நிரஞ்சன், இன்றைக்குத்தான் தொங்கப் போகிறான்.

"பெரிய லேத்தில வேலை செய்யிற ஆர் இந்தப் பக்கம் இருக்கினம்?" என்று சாரங்கா கேட்டாள்.

"சுஜிதன். வவுனியாவில பட்டறை வேலை. திருவிழாவுக்கு வந்து நிக்கிறான்." கோகுலன் ஓட்டோச் சாவியை எடுத்தான். "காவடி மரம் பூட்டுறதும் அவன்தான். போன சிறுபோக விதைப்பில, வாய்க்கால் தண்ணிச் சண்டையில அவனும் நிரஞ்சன் மச்சானும் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு நிண்டவை, அக்கா."

இருவரும் வெளியே பாய்ந்தபோது இரஞ்சிதம் தேத்தண்ணிக் கோப்பைகளோடு எதிரே வந்தாள். ஒருத்தனைப் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் சாரங்கா சொன்னாள். இரஞ்சிதம் யாரென்று கேட்கவில்லை. "ஆரெண்டு தெரிஞ்சால் முதல் எனக்குச் சொல்லுங்கோ" என்றாள். "பொலிசுக்கு இல்லை, எனக்கு." கையிலிருந்த தேத்தண்ணி ஒரு சொட்டும் தளும்பவில்லை.

ஓட்டோ பறந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் அது இருமிக்கொண்டுதான் ஓடியது. கோகுலன் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் சொந்த அக்காவுக்குப் போன் எடுத்தான். மேளச் சத்தத்துக்குள் அவளுக்கு எங்கே கேட்கும்? சுஜிதனுக்கு எடுத்தான். மணி அடித்தது, எடுப்பார் இல்லை. வழக்கமாக நாலு முடக்குக்கு நாற்பது பகிடி விடுகிறவன் முரசுமோட்டை வரும்வரை ஹோர்னிலிருந்து கையை எடுக்கவில்லை. சாரங்காவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

பிந்திவிட்டார்கள். பிள்ளையார் கோயிலடியிலிருந்து காவடி வெளிக்கிட்டிருந்தது. சனத்துக்கு மேலே, வெயிலுக்கு நடுவில், நிரஞ்சன் குப்புறத் தொங்கிக்கொண்டு வந்தான். முதுகுத் தோல் முள்ளோடு கூடாரமாக இழுபட்டு நின்றது. ட்ராக்டர் பெட்டியில் நின்ற சுஜிதன் மரத்தின் பின்முனையைப் பிடித்து மேளத்துக்கு ஏற்றபடி அமர்த்தி அமர்த்தி விட, நிரஞ்சன் வானத்துக்கும் தார் ரோட்டுக்கும் இடையில் ஏறி இறங்கினான். ஒவ்வொரு இறக்கத்துக்கும் கோகுலனின் உயிர் போய் வந்தது.

கத்திக் கூப்பிட்டு என்ன பயன்? அந்த மேளத்துக்குள் இடி விழுந்தாலும் கேட்காது. ஆடிவரும் காவடிக்குக் குறுக்கே கையை விரித்து நின்றால் சனம் இழுத்து வாய்க்காலில் எறியும். சாரங்கா ரோட்டோரத்து வீட்டு வாசலில் நின்ற ஒரு இளம் தாயிடம் ஓடினாள். காதுக்குள் ஏதோ சொன்னாள். அடுத்த நிமிடம் அந்தத் தாயின் கைக்குழந்தை சாரங்காவின் கையில் இருந்தது. அதை ஏந்திக்கொண்டு நடு ரோட்டில் போய் நின்றாள்.

பிள்ளையைக் கொண்டு வந்து நீட்டினால் எந்தக் காவடியும் நின்றுதான் ஆகவேண்டும். தொங்குகிறவர் தாழ்ந்து வந்து பிள்ளையின் நெற்றியில் திருநீறு பூச வேண்டும். அது வழக்கம். ட்ராக்டர் நின்றது. மேளம் தணிந்தது. மரம் மெல்ல இறங்கி, நிரஞ்சனின் வயிறு ரோட்டிலிருந்து முழ உயரத்துக்கு வந்தது. திருநீறு பூசியதும் சாரங்கா பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியில் ஏறினாள். கோகுலனும் பின்னாலேயே ஏறிச் சுஜிதனின் சட்டையைப் பிடித்தான்.

"முந்தநாள் குகதாசன்ர கொட்டிலில நிண்டது நீதானே?" என்று சாரங்கா கேட்டாள்.

சுஜிதன் மறுக்கவில்லை. மறுக்கத் தெரியாமல் இத்தனை நேரமும் சுமந்துகொண்டு நின்றவன் போலக் கொட்டினான். பழைய கடையாணி தேய்ந்துபோயிருந்ததாம். புதிது கடைந்து தரச் சொல்லி அதை எடுத்துக்கொண்டு போனானாம். கம்பி சுழன்றதும், அவர் விழுந்ததும், இவன் பயந்து ஓடியதும் எல்லாம் உண்மை. பழைய கடையாணியை அங்கேயே விட்டுவிட்டு வவுனியாவுக்குப் போய், பட்டறையில் தன் மெசினில் புதிது கடைந்து வந்திருக்கிறான்.

"நேற்றுப் பின்னேரம் என்ர கையால பூட்டினனான், அக்கா. நிரஞ்சனை எனக்குப் பிடிக்காதுதான். அதுக்காக அம்மன்ர வேலையில பிழை விடுவனோ?" அவன் கண் கலங்கியிருந்தது. பிறகு சாரங்காவின் பக்கம் குனிந்து இன்னும் ஏதோ சொன்னான். மேளம் திரும்பத் தொடங்கிவிட்டதால் கோகுலனுக்கு அது கேட்கவில்லை. சாரங்காவின் முகம் மாறியதை மட்டும் கண்டான்.

கோகுலனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சட்டையை விட்டான். கசங்கிய இடத்தைத் தானே நீவியும் விட்டான். சனம் பின்னாலிருந்து ஏசத் தொடங்கியிருந்தது. மரம் மறுபடியும் உயர்ந்தது, நிரஞ்சன் வானத்துக்குப் போனான், இருவரும் இறங்கி ஓரமாக நின்றார்கள். மரத்தின் நுனியில் கடையாணியை மூடிச் சந்தனமும் பூமாலையும் அப்பியிருந்தன. அதை ஒருமுறை துடைத்துப் பார்த்திருக்கலாம். சாரங்கா பார்க்கவில்லை. அவள் விட்ட பிழை அதுதான்.

"கோகுலன்" என்றாள் திடீரென்று. "அந்த வெத்திலை வாடியிருந்ததோ?"

"இல்லை அக்கா, பச்சையாக் கிடந்தது. ஒரு பாக்கு இருந்திருந்தால் போட்டிருப்பன்."

சொல்லி முடிக்கும்போதே அவனுக்கு உறைத்தது. இந்த வெயிலில் முந்தநாள் வெற்றிலை பச்சையாக இருக்குமா? குகதாசன் ஆசுபத்திரியில். சுஜிதன் நேற்றுப் பின்னேரத்திலிருந்து காவடி மரத்தடியில். அப்படியானால் இன்று காலை அந்தக் கொட்டிலில் வெற்றிலை வைத்தது யார்? சுஜிதன் முழுசாக விட்டுவிட்டு வந்த கடையாணியை அரிந்தது யார்? கோயில் சந்தனம் காலில் மிதிபடக் கூடாது, விளக்குமாறும் படக் கூடாது. இரும்புத் தூளோடு விழுந்ததை வழித்து வெற்றிலையில் வைக்காமல் விட அந்தக் கைக்கு மனம் வரவில்லை. ஒரு உயிரை எடுக்கப் புறப்பட்ட கைதான், அதற்கும் அந்த வழக்கம் விட்டுப்போகவில்லை.

பிள்ளை செத்த நாளிலிருந்து கோயில் வாசலை மிதிக்காதவள் என்று ஊர் சொல்லும் இரஞ்சிதத்தின் நெற்றியில் இன்று கோயில் சந்தனம் இருந்தது. விடிய, ஊர்ப் பெண்கள் காவடி மரத்துக்குச் சந்தனம் பூசும்போது அவளும் பூசியிருக்கிறாள். மெசின்காரனின் மனைவி. ஒரு கடையாணியைக் கழற்றி இன்னொன்றைச் செருக அவளுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?

சாரங்கா கத்திக்கொண்டு ட்ராக்டரை நோக்கி ஓடினாள். கோகுலன் அதற்கு முன்பே ஓடியிருந்தான். யாருடைய தோளில் மோதினான், யாருடைய காலை மிதித்தான் என்று அவனுக்குத் தெரியாது. நிரஞ்சனுக்கு நேர் கீழே போய், இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு நின்றான். "இறக்கடா, மெல்ல இறக்கடா, குலுக்காதை" என்று சுஜிதனைப் பார்த்துக் கெஞ்சினான். சாரங்காவின் முகத்தைப் பார்த்த சுஜிதனுக்கு விளங்கிவிட்டது. கட்டிப்பிடித்த கையோடு மரத்தை அங்குலம் அங்குலமாகத் தாழ்த்தினான்.

"என்னடா?" என்றான் நிரஞ்சன் மேலேயிருந்து.

"ஒண்டுமில்லை மச்சான். என்ர தோளைப் பிடிச்சுக்கொள்."

நிரஞ்சனின் பாரம் கோகுலனின் தோளில் வந்து இறங்கியது. முக்கால்வாசி இறங்கியபோது தலைக்கு மேலே சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம். பாரம் கழன்ற மரம் துள்ளி மேலே போனது. இரும்புச் சட்டம் கயிறுகளோடு விழுந்து கோகுலனின் பிடரியில் அடித்தது. இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவராக ரோட்டில் சரிந்தார்கள். மேளம் நின்றது. நிரஞ்சனின் முதுகு இரண்டு இடத்தில் கிழிந்து இரத்தம் வழிந்தது. ஆனால் மூச்சு இருந்தது, பேச்சும் இருந்தது. கோகுலன் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இத்தனை சனம் பார்க்கிறதே என்றும் இல்லாமல் விம்மி விம்மி அழுதான்.

சாரங்கா ரோட்டில் கிடந்த கடையாணித் துண்டைப் பொறுக்கினாள். முக்கால் பங்கு வாளால் அரிந்து, வெட்டில் மெழுகும் சந்தனமும் அடைத்திருந்தது. மிச்சக் கால் பங்குதான் இத்தனை நேரமும் ஒரு மனிசனைத் தாங்கியிருக்கிறது.

அவர்கள் தர்மபுரத்துக்குத் திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. இரஞ்சிதம் கொட்டிலுக்குள் கதிரை போட்டு, மடங்கிய கம்பிக்குப் பக்கத்தில் இருந்தாள். மடியில் புத்தம்புதுக் கடையாணி மினுங்கியது. ஒளிக்கவும் இல்லை, எழும்பவும் இல்லை.

"விழுந்தவனோ?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றாள் சாரங்கா. "காயம். உயிருக்கு ஒண்டுமில்லை."

இரஞ்சிதம் தலையை ஆட்டினாள். தானாகவே சொன்னாள். குகதாசன் இரத்தத்தில் கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே காவடிக் கடையாணியும் கிடந்ததாம். நிரஞ்சனின் ஆட்கள்தான் வந்திருக்கிறார்கள், கடைந்து தரமாட்டேன் என்றதற்கு மனிசனை அடித்திருக்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பிள்ளையையும் கொன்றுவிட்டு, புருசனையும் அடித்துவிட்டு, மேளத்தோடு தொங்கிக்கொண்டு வருவானா அவன்? "நீங்கள் கண்டுபிடிக்கும் மட்டும் காவடி நிக்காதே, பிள்ளை" என்றாள்.

சாரங்கா அவளுக்கு முன்னால் குந்தினாள். ஆரெண்டு தெரிந்தால் முதலில் தனக்குச் சொல்லச் சொன்னவள் அவள். சொல்லத்தான் வேண்டும். ட்ராக்டர் பெட்டியில் சுஜிதன் காதோடு சொன்னதை அவள் அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னாள்.

"இரஞ்சிதமக்கா, உங்கட மனுசனை ஒருத்தரும் அடிக்கேல்லை. முதல் மாட்டன் எண்டுதான் சொன்னவராம். பிள்ளையின்ர படத்தைப் பாத்திட்டு, பிறகு அவரே எழும்பி நல்ல கம்பியாப் பாத்து இதை எடுத்துக் குடுத்தவராம். ‘என்ர கையால கடைய மாட்டன், நீ கடை. என்ர பிள்ளை போனது போதும், அந்தப் பெடியும் விழவேண்டாம்’ எண்டு சொல்லிப்போட்டு வெளியில போய் இருந்தவராம். கம்பி சுழண்ட சத்தத்துக்கு மெசினை நிப்பாட்டத்தான் உள்ள ஓடி வந்தவர்."

இரஞ்சிதத்தின் கை போய் அந்த மடங்கிய கம்பியைத் தொட்டது. தொட்ட கையை உடனே எடுத்துக்கொண்டாள்.

"இந்தக் கம்பியை அவரோ குடுத்தவர்?"

"ஓம்."

அவள் நிமிர்ந்தபோதுதான் கோகுலனின் சட்டையில் இரத்தத்தைக் கண்டாள், அவன் முகத்தையும் கண்டாள். "நீங்கள் ஏன் தம்பி அழுறியள்?"

"அவன் என்ர அக்கான்ர மனுசன்" என்றான் கோகுலன்.

அவள் மடியிலிருந்த கடையாணியை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, அவனிடம் நீட்டினாள். அது அவள் சூட்டில் கொதித்தது.

"நேர்ஸ் பிள்ளை சொன்னது, அவர் இண்டைக்கோ நாளைக்கோ கண் முழிப்பாராம்" என்றாள். "முழிச்சால் முதல் கேக்கிறது இதைத்தான் தம்பி. கடைஞ்சு முடிஞ்சதோ, அந்தப் பெடி பத்திரமா இறங்கினவனோ எண்டுதான் கேப்பார். நான் அவருக்கு என்ன சொல்லுறது?"

கோகுலன் கடையாணியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய், ஓட்டோவை ஆசுபத்திரிப் பக்கம் திருப்பி நிறுத்தினான்.